துலக்காதீர்கள்! பழைய ராணுவ ரிவால்வர்கள் பற்றி வாசகர் கேள்விகள்

(அம்பத்தூர் எஸ்டேட்டில் டூல் ரூம் வேலை பழகி, பிறகு அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் ஓர் இயந்திரப் பட்டறையில் தர ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர் நம் வாசகர் ஒருவர். இரண்டு உலகப் போர்களின் காலத்து ராணுவ ரிவால்வர்களைச் சேகரிக்கிறார். அவரைப் பற்றிப் போன மாதம் எழுதியிருந்தோம். அதற்கு வந்த கடிதங்களுக்கு அவரே தரும் பதில்கள் இவை.)

ஒரு வீட்டு ஏலத்தில் வெப்லி மார்க் 6 ரிவால்வர் வாங்கினேன். 1916 என்று பதித்திருக்கிறது. கறுப்பு நிறம் பாதி போய்ப் பழுப்பாக, பார்க்கவே நன்றாக இல்லை. பஃபிங் போட்டு (துணிச் சக்கரத்தில் தேய்த்து), புதிதாக ப்ளூயிங் செய்து (இரும்புக்குக் கறுப்பேற்றி) கண்ணாடிப் பெட்டியில் வைக்க ஆசை. நல்ல ஆள் யாரையாவது சொல்வீர்களா சார்?
— வாசகர், டல்லாஸ்

சொல்ல மாட்டேன். தயவுசெய்து அதை எந்தப் பட்டறைக்கும் எடுத்துப் போகாதீர்கள்.

உங்கள் கையில் இருப்பது பர்மிங்காமில் செய்யப்பட்ட .455 காலிபர் (தோட்டாவின் அளவு, அங்குலக் கணக்கில்) ரிவால்வர். பிரிட்டிஷ் ராணுவம் 1915 மே மாதம் இந்த மாடலை ஏற்றது. ஆறு அங்குலக் குழல், சதுரமான பிடி, ஒரு கிலோவுக்கு மேல் எடை. முதல் உலகப் போரின் மேற்கு முனைப் பதுங்குகுழிச் சேற்றில் கிடக்கவேண்டும் என்றே செய்யப்பட்ட சாமான். அதன் மேல் இருக்கும் கறுப்பு, பெயின்ட் இல்லை. இரும்பின் மேல்தோலையே கட்டுப்படுத்தித் துருப்பிடிக்க வைத்து உண்டாக்கிய ஆக்சைடு படலம். நூறு வருஷத்தில் அது பழுப்பாவது இயல்பு. பஃபிங் சக்கரத்தில் வைத்தால் முதலில் போவது அழுக்கு இல்லை, எழுத்து.

நான் வாழ்நாள் பூராவும் மைக்ரோமீட்டரும் கையுமாக இருந்தவன். அதனால் இதை விளக்கமாகவே சொல்கிறேன். பஃபிங் பட்ட துப்பாக்கியைக் கண்டுபிடிக்க ஸ்க்ரூ துளைகளின் விளிம்பைப் பாருங்கள். தொழிற்சாலையிலிருந்து வந்தபோது அந்த விளிம்பு கூர்மையாக, வட்டம் வட்டமாகவே இருக்கும். துணிச் சக்கரம் பட்டால் விளிம்பு உள்ளே சரிந்து புனல் மாதிரி ஆகிவிடும். தட்டையான பக்கங்களில் ஒரே திசையில் ஓடும் மெல்லிய அரக் கோடுகள் இருக்கும், அவையும் காணாமல் போகும். முத்திரைகள் ஆழமிழந்து, பாதி எழுத்து மட்டும் மிஞ்சும். மேலே எவ்வளவு பளபளப்பாக ப்ளூயிங் செய்தாலும் இதை மறைக்க முடியாது. சேகரிப்பவர் எடுத்தவுடன் பார்ப்பது இதைத்தான். பார்த்ததும் கீழே வைத்துவிடுவார்.

முத்திரைகள் ஏன் அவ்வளவு முக்கியம்? அந்தத் துப்பாக்கி எங்கெங்கே போய் வந்தது என்பதற்கு அதன் உடம்பைத் தவிர வேறு சாட்சி பெரும்பாலும் இல்லை. அகன்ற அம்புக்குறி இருந்தால் பிரிட்டிஷ் அரசின் சொத்து. அதே அம்பு சி எழுத்துக்குள் இருந்தால் கனடா. இரண்டு டி-க்களுக்கு நடுவில் இருந்தால் ஆஸ்திரேலியா. யு-வுக்குள் இருந்தால் தென்னாப்பிரிக்கா. அம்புக்குக் கீழே ஐ இருந்தால் இந்தியா. இரண்டு அம்புகள் முனையோடு முனை முட்டிக்கொண்டு நின்றால், அரசு அதைச் சேவையிலிருந்து நீக்கி விற்றுவிட்டது என்று அர்த்தம். பிடியின் பின்பட்டையில் படைப்பிரிவு எழுத்துகள் இருந்தாலும் இருக்கலாம். உடல், குழல், தோட்டாக்கள் உட்காரும் சிலிண்டர் மூன்றிலும் எண் ஒன்றாக இருக்கிறதா என்றும் பாருங்கள்.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். முதலில் தோட்டா இல்லை என்று உறுதி செய்யுங்கள், இரண்டு முறை. பிறகு மென்மையான பருத்தித் துணியும் மெல்லிய எண்ணெயும். மூலை முடுக்குகளுக்குப் பழைய டூத் பிரஷ். எண்ணெயைத் துடைத்தெடுத்துவிட்டு, அருங்காட்சியகங்களில் பூசுகிற மெழுகை லேசாகப் பூசுங்கள். பழுப்பு அப்படியே இருக்கட்டும்.

என்னுடைய வெப்லியில் .45 ஏசிபி என்ற அமெரிக்கப் பிஸ்டல் தோட்டாவை அரை நிலா கிளிப்பில் (மூன்று தோட்டாக்களைக் கவ்வும் அரைவட்டத் தகடு) மாட்டிச் சுடலாம் என்று விற்றவர் சொன்னார். உண்மையா?
— வாசகர், ஹூஸ்டன்

மாட்ட முடியும் என்பது உண்மை. சுடலாம் என்பதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு ஏராளமான வெப்லிகள் அமெரிக்காவுக்கு வந்தன. .455 தோட்டா இங்கே சுலபமாகக் கிடைக்காது, .45 ஏசிபி தெருவுக்குத் தெரு கிடைக்கும். அதனால் இறக்குமதி செய்தவர்கள் சிலிண்டரின் பின்முகத்தை லேத்தில் கொடுத்துச் சீவி, கிளிப்போடு .45 ஏசிபி உட்காரும்படி செய்து விற்றார்கள். சிலிண்டரின் பின்பக்கத்துக்கும் அதற்குப் பின்னால் உள்ள தடுப்புக்கும் நடுவே வழக்கத்தைவிட அகலமான சந்து தெரிந்தால் சந்தேகப்படுங்கள். .455 தோட்டாவைக் கிளிப் இல்லாமல் போட்டால் முன்னும் பின்னும் ஆடும்.

சிக்கல் அழுத்தத்தில் இருக்கிறது. .45 ஏசிபி தோட்டாவின் உச்ச அழுத்தம் அமெரிக்கத் தர அளவுப்படி 21,000 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு 21,000 பவுண்டு). .455 அதைவிட வெகு குறைந்த அழுத்தத்துக்கான தோட்டா. வெப்லி நடுவில் மடங்கித் திறக்கிற துப்பாக்கி என்பதையும் மறக்க வேண்டாம். மேலே ஒரு கொக்கிதான் குழலையும் உடலையும் சேர்த்துப் பிடிக்கிறது. ஒவ்வொரு வெடிப்பிலும் அந்தக் கொக்கியும் கீழே உள்ள கீலும் அளவுக்கு மீறி இழுபடும். இன்றைக்கு ஒன்றும் ஆகவில்லை என்பதால் நாளைக்கும் ஆகாது என்று சொல்ல எனக்கு மனசு வராது.

கிளிப்புக்கென்றே பிறந்த ரிவால்வர் வேறு இருக்கிறது. 1917-இல் அமெரிக்கா போருக்குள் போனபோது 1911 மாடல் பிஸ்டல்கள் போதவில்லை. அதனால் கோல்ட், ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் இரண்டு கம்பெனிகளும் தங்கள் பெரிய ரிவால்வர்களை .45 ஏசிபிக்கு மாற்றிக் கொடுத்தன. ஒவ்வொன்றும் ஏறத்தாழ ஒன்றரை லட்சம். இரண்டுக்கும் மாடல் 1917 என்றே பெயர். .45 தோட்டாவோடு ஒரு பழைய ரிவால்வர் வேண்டும் என்றால் அதைத் தேடுங்கள்.

பிடிக்கு அடியில் ஒரு வளையம் இருக்கிறதே, அது எதற்கு?
— கல்லூரி மாணவர், ஈரோடு

கயிறு கட்ட. கயிற்றின் மறுமுனை அதிகாரியின் கழுத்திலோ தோளிலோ இருக்கும். குதிரை மேலிருந்தோ இருட்டிலோ கை நழுவினாலும் துப்பாக்கி தொலையாது. அந்த வளையம் பிடுங்கப்பட்டு, துளை அடைக்கப்பட்டிருந்தால் விலை குறையும். வாங்கும்போது பாருங்கள் தம்பி.

ரஷ்ய நாகன் ரிவால்வர் வாங்கினேன். 1939 என்று போட்டிருக்கிறது. எல்லா எண்களும் பொருந்துகின்றன. ஆனால் நேற்றுச் செய்தது போலப் புதிதாக இருக்கிறது. ஏமாந்துவிட்டேனா?
— வாசகி, சிகாகோ

ஏமாறவில்லை அம்மா. உங்களிடம் இருப்பது பெரும்பாலும் சோவியத் கிடங்கில் பழுதுபார்த்து, மறுபடி கறுப்பேற்றி, எண்ணெய் தடவி அடுக்கி வைக்கப்பட்டது. உடலில் ஒரு சின்னக் கட்டமும், அதைக் குறுக்கே வெட்டும் சாய்கோடும் தெரிகிறதா பாருங்கள். அது பழுதுபார்ப்பு முத்திரை. எண்கள் பொருந்துவதும் அங்கேயே மறுபடி பொறித்ததால் இருக்கலாம். எழுத்தின் வடிவமும் ஆழமும் ஒன்றுபோல இருக்கின்றனவா என்று லென்ஸ் வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

இதுவும் வரலாறுதான். அரசே செய்த பழுதுபார்ப்பு வேறு, தனியார் ஒருவர் அழகுக்காகச் செய்த பாலிஷ் வேறு. முதலாவது அந்தத் துப்பாக்கியின் பணிக்காலத்தில் ஓர் அத்தியாயம். போருக்குப் பின் பிரிட்டனில் கறுப்பு எனாமல் பூசப்பட்ட என்ஃபீல்டு ரிவால்வர்களுக்கும் இதையே சொல்வேன். அந்த எனாமலைச் சுரண்டுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும்.

நாகன் எனக்கு மிகவும் பிடித்த இயந்திரம், அதனால் இன்னும் கொஞ்சம். எந்த ரிவால்வரிலும் சிலிண்டருக்கும் குழலுக்கும் நடுவே ஒரு சின்ன இடைவெளி உண்டு, அதன் வழியே வாயு கசியும். லியோன் நாகன் என்ற பெல்ஜியக்காரர் அதை அடைத்தார். பின்னால் சுத்தியல் போல இருக்கும் ஹேமரை இழுத்தால் சிலிண்டர் முழுதும் முன்னால் நகர்ந்து குழலோடு கவ்விக்கொள்ளும். தோட்டாவில் குண்டு வெளியே தெரியாது. உறைக்குள்ளேயே புதைந்திருக்கும், உறையின் வாய் குழலுக்குள் நுழைந்து அடைத்துக்கொள்ளும். தோட்டாவைக் கழற்றிவிட்டு, ஹேமரை மெதுவாக இழுத்து அந்த நகர்வைப் பாருங்கள். எத்தனை பாகங்கள் ஒன்றுக்கொன்று நேரம் தவறாமல் வேலை செய்கின்றன! விலையாகக் கொடுத்தது என்னவென்றால், விசையை மட்டும் அழுத்திச் சுட்டால் விரல் வலிக்கும். தோட்டாக்களை ஒவ்வொன்றாகத்தான் போடவும் எடுக்கவும் வேண்டும். ஏழு குண்டு என்பது ஆறுதல். ஜார் காலத்தில் சிப்பாய்க்கு ஒரு வகை, அதிகாரிக்கு ஒரு வகை இருந்தது. சிப்பாயின் துப்பாக்கியில் ஒவ்வொரு முறையும் ஹேமரைக் கையால் இழுத்தாக வேண்டும். அந்தச் சிப்பாய் வகை கிடைத்தால் விடாதீர்கள்.

என் தாத்தா பிரிட்டிஷ் இந்திய ராணுவத்தில் இருந்தவர். சொந்த ஊர் வீட்டுப் பரணில் துருப்பிடித்த ரிவால்வர் ஒன்று கிடைத்தது. உரிமம் எதுவும் காணோம். வைத்துக்கொள்ளலாமா?
— வாசகர், மதுரை

இப்படியே வைத்துக்கொள்ள முடியாது. இதில் தாமதம் வேண்டாம்.

இந்தியாவில் 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் துப்பாக்கி வைத்திருப்பது குற்றம். தாத்தாவின் நினைவு என்பது நீதிமன்றத்தில் நிற்காது. அதே சட்டத்தில் ஒரு வழியும் இருக்கிறது. வைத்திருக்கும் உரிமை முடிந்துபோன ஆயுதத்தை அருகிலுள்ள காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற ஆயுத வியாபாரியிடமோ ஒப்படைக்கலாம் என்கிறது 21-ஆம் பிரிவு. முதலில் ஒரு வழக்கறிஞரைப் பார்த்து, அவர் மூலமாக எழுத்தில் தெரிவித்து ஒப்படையுங்கள், ரசீது வாங்குங்கள். நீங்களே பையில் போட்டுக்கொண்டு பஸ்ஸில் ஏறாதீர்கள். வாரிசு என்ற முறையில் உரிமம் கேட்டு மாவட்ட ஆட்சியரிடம் விண்ணப்பிக்க வாய்ப்பு உண்டு. ஆனால் ராணுவக் காலிபர் என்றால் நடைமுறை கடினம். ஒருவர் இத்தனை துப்பாக்கிதான் வைத்திருக்கலாம் என்ற வரம்பும் 2019 திருத்தத்தில் மூன்றிலிருந்து இரண்டாகக் குறைந்தது. பயன்படுத்தவே முடியாத, பழுதுபார்த்தாலும் சுடாத பழங்காலத் துப்பாக்கிகளுக்குச் சட்டத்தின் 45-ஆம் பிரிவில் விலக்கு இருக்கிறது. உங்களுடையது அதில் வருமா என்பதை நீங்களோ நானோ தீர்மானிக்கக் கூடாது.

ஒப்படைக்கும் முன் வழக்கறிஞர் முன்னிலையில் எல்லா முத்திரைகளையும் நல்ல வெளிச்சத்தில் படமெடுத்துக்கொள்ளுங்கள். துருவைச் சுரண்ட வேண்டாம், சிலிண்டர் இறுகியிருந்தால் திறக்க முயல வேண்டாம், உள்ளே தோட்டா இருக்கலாம். தாத்தாவின் படைப்பிரிவு, சேவை எண், பதக்கங்கள் ஆகியவற்றோடு அந்தப் படங்களைச் சேர்த்து வையுங்கள். துப்பாக்கி கை விட்டுப் போனாலும் அது சொல்ல வந்த சங்கதி உங்கள் குடும்பத்தில் இருக்கும். சென்னைக்குப் போனால் புனித ஜார்ஜ் கோட்டை அருங்காட்சியகத்தில் பழைய ஆயுதங்களைப் பார்த்துவிட்டு வாருங்கள்.

இங்கிலாந்தில் 1997-இல் கைத்துப்பாக்கிகளையே தடை செய்துவிட்டார்களே, சேகரிப்பவர்கள் என்ன செய்கிறார்கள்?
— வாசகர், லெஸ்டர்

அந்தச் சட்டத்தின் 7-ஆம் பிரிவு கொஞ்சம் இடம் விட்டிருக்கிறது. 1919 ஜனவரி 1-க்கு முன் செய்யப்பட்டு, தோட்டா சுலபமாகக் கிடைக்காததாக இருந்தால், காவல்துறை சான்றிதழோடு வீட்டில் வைக்கலாம். வரலாற்று முக்கியத்துவம் உள்ள மற்றவற்றைக் குறிப்பிட்ட பாதுகாப்பு மையங்களில் வைத்து அங்கேயே பார்க்கலாம், சுடலாம். பழம்பொருள் என்று சான்றிதழ் இல்லாமல் வைக்கக்கூடிய காலிபர் பட்டியல் தனி. 2021-இல் அதிலிருந்து ஏழு காலிபர்களை நீக்கினார்கள், அவற்றில் பிரெஞ்சு 11 மி.மீ., ஜெர்மன் 10.6 மி.மீ. ராணுவ ரிவால்வர்களும் உண்டு. பழைய பட்டியலை நம்பி எதையும் வாங்காதீர்கள்.

அண்ணா, நான் கிளிநொச்சியில் பிறந்தவள். ஆயுதம் என்றாலே உடம்பு நடுங்கும். மனிதரைக் கொன்ற பொருளைச் சேர்த்து வைப்பதில் உங்களுக்கு என்ன சந்தோஷம்?
— வாசகி, டொராண்டோ

தங்கச்சி, உங்கள் நடுக்கம் நியாயமானது. அதை மாற்ற நான் முயல மாட்டேன். உங்களைப் போல ஒருவர் என் வீட்டுக்கு வந்தால் பெட்டகத்தைத் திறக்கவே மாட்டேன்.

எனக்குக் கிடைப்பதைச் சந்தோஷம் என்று சொல்வதைவிடக் கடமை உணர்வு என்று சொல்லலாம். முதல் உலகப் போருக்கு முன் பிரிட்டிஷ் அதிகாரிகள் தங்கள் ரிவால்வரைச் சொந்தக் காசில் வாங்க வேண்டும். அதனால் சிலவற்றின் பின்பட்டையில் பெயரோ முதலெழுத்துகளோ வெட்டப்பட்டிருக்கும். என்னிடம் உள்ள ஒன்றில் அப்படி ஒரு பெயர் இருக்கிறது. காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் பதிவேட்டில் யார் வேண்டுமானாலும் பெயர் தேடலாம். தேடினேன். அந்தப் பெயரில் ஓர் இளம் அதிகாரி பிரான்ஸில் அடக்கமாகியிருக்கிறார். அது இவர்தான் என்று அடித்துச் சொல்ல ஆதாரம் போதாது. படைப்பிரிவு முத்திரை இருந்திருந்தால் சொல்லியிருக்கலாம், யாரோ அந்த இடத்தை அரத்தால் ராவிவிட்டார்கள். அந்த அரத் தேய்ப்பைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வரும். ஒரு பையன் எங்கே இருந்தான், யாரோடு இருந்தான் என்பதற்கான கடைசித் தடயத்தை அழகுக்காக அழித்திருக்கிறார்கள். இருப்பவற்றையாவது படித்து, எழுதி, படமெடுத்து வைக்கிறேன். துப்பாக்கியை நான் கொண்டாடவில்லை அம்மா.

வெப்லி மார்க் 6 என்று வாங்கினேன். ஆனால் என்ஃபீல்டு முத்திரையும் 1923-ம் இருக்கிறது. போலியா?
— வாசகர், அட்லாண்டா

போலி இல்லை. என்ஃபீல்டில் இருந்த அரசுத் தொழிற்சாலை 1921 முதல் 1926 வரை இதே மாடலைச் செய்தது. போர்க்கால வெப்லியைவிடக் குறைவாகவே கண்ணில் படும். நல்ல கொள்முதல்.

ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் விக்டரி மாடலில் .38 ஸ்பெஷல் தோட்டா போட்டுச் சுட்டால் உறைகள் நடுவில் வீங்கி வருகின்றன. ஏன்?
— வாசகர், நியூ ஜெர்ஸி

சுடுவதை நிறுத்துங்கள். விக்டரி என்பது இரண்டாம் உலகப் போர்க்கால ரிவால்வர், உங்களுடையது பிரிட்டனுக்கு அனுப்பப்பட்டது. அங்கே தோட்டா .38 எஸ் அண்ட் டபிள்யூ, அதாவது .38/200. அது குட்டை, ஆனால் அகலம் அதிகம். போருக்குப் பிறகு தோட்டா உட்காரும் அறையை ஆழமாகக் குடைந்து, நீளமான .38 ஸ்பெஷல் நுழையும்படி செய்து விற்றார்கள். நீளம் சரியாகிவிட்டது, அகலம் அப்படியே. மெல்லிய உறை அந்த இடைவெளியில் வீங்குகிறது, சில நேரம் கிழியும். குழலில் .767 என்று பிரிட்டிஷ் சோதனை முத்திரை இருந்தால் சந்தேகமே வேண்டாம், அது மூலத் தோட்டாவின் உறை நீளம் அங்குலத்தில்.

எண்ணின் முன் எழுத்தையும் பாருங்கள். வி மட்டும் இருக்கிறதா, எஸ்வி-யா? கீழே விழுந்த விக்டரி ஒன்றிலிருந்து குண்டு பாய்ந்து ஒரு கடற்படை வீரர் இறந்த பிறகு, ஹேமர் தடுப்பை மாற்றியமைத்தார்கள். எஸ் அந்த மாற்றத்தைக் குறிக்கிறது. எது இருந்தாலும் தோட்டாவோடு அலமாரியில் வைக்காதீர்கள்.

வெப்லியில் மாட்டுகிற பயனெட் (துப்பாக்கி முனைக் கத்தி) ஒன்று விற்பனைக்கு வருகிறது. வாங்கலாமா?
— வாசகர், சான் ஹோசே

பிரிட்சார்டு பயனெட். அதிகாரிகள் சொந்தச் செலவில் வாங்கியது, கிரீனர் கம்பெனி செய்தது, அலகு பிரெஞ்சு கிராஸ் பயனெட்டிலிருந்து எடுத்தது. அசல் மிக மிகக் குறைவு, நகல்கள் ஏராளம். நேரில் பார்க்காமல், நன்கு தெரிந்தவர் ஒருவரிடம் காட்டாமல் பணம் கொடுக்காதீர்கள்.

அசல் தோல் உறையும் கிடைத்தது. ரிவால்வரை அதிலேயே போட்டு வைக்கலாமா?
— வாசகர், பிட்ஸ்பர்க்

கூடாது. பதப்படுத்திய தோல் ஈரத்தை இழுக்கும், அதிலுள்ள ரசாயனம் இரும்பை அரிக்கும். இரண்டையும் தனித்தனியே வையுங்கள். பெட்டகத்தில் ஈரம் உறிஞ்சும் பொட்டலம் போட்டு, மாதம் ஒரு முறை மாற்றுங்கள்.

நீங்கள் இன்னும் தேடிக்கொண்டிருக்கும் ரிவால்வர் எது?
— வாசகர், கோவை

என்ஃபீல்டு நம்பர் 2 மார்க் 1. ஹேமரில் கொம்பு உள்ள முதல் வகை, மாற்றப்படாதது. 1932-இல் ராணுவம் ஏற்றுக்கொண்ட .38 இது. 1938-இல் கொம்பில்லாத ஹேமரோடு மார்க் 1 நட்சத்திரம் வந்தது. டாங்கிக்குள் கொம்பு எதிலாவது மாட்டிக்கொள்கிறது என்பது பரவலாகச் சொல்லப்படும் காரணம். பழையவற்றில் பெரும்பாலானவை பழுதுபார்க்க வந்தபோதெல்லாம் புதிய வகைக்கு மாற்றப்பட்டன. அதனால் அசல் அபூர்வம். இப்போது சந்தையில் கொம்புள்ளவை சில வருகின்றன, மாற்றப்பட்ட துப்பாக்கியில் பழைய ஹேமரைத் திரும்பப் பொருத்தியவையும் அவற்றில் உண்டு. உடலில் மார்க் 1-க்குப் பக்கத்தில் நட்சத்திரம் இருக்கிறதா, அல்லது நட்சத்திரம் இருந்த இடத்தை யாராவது அரத்தால் தேய்த்திருக்கிறார்களா என்று சாய்வான வெளிச்சத்தில் லென்ஸ் வைத்துப் பார்ப்பேன். போன வசந்தத்தில் ஓஹையோ சந்தையில் ஒன்று கையில் வந்தது. விலையும் ஒத்துவந்தது. நட்சத்திரம் இருந்த இடம் தேய்ந்திருந்தது, திருப்பிக் கொடுத்துவிட்டேன்.